எண்ணெய் சாய்ந்த பக்கம்

போன வாரம் என் மருமகன் ஒரு அட்டைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். பச்சைப் பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரித்தான் தூக்கி வந்தார். என் மகள் கதவைப் பிடித்துக்கொண்டு, "எப்பா, ஒங்களுக்காகத்தான் வாங்கியாந்திருக்காக. என்னன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். குக்கராக இருக்கும் என்றேன். பிரித்தால் ரிக்கார்டு பிளேயர். அதுவும் புத்தம் புதுசு. இந்தக் காலத்தில் இதை யார் செய்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் ஃபேஷனாகிவிட்டதாம். நாம் கழித்துப்போட்ட பெல்பாட்டம் நடுவில் ஒருதரம் திரும்பி வந்ததே, அது மாதிரி.

மூடியைத் திறந்ததும் புது ரப்பர் வாசனை அடித்தது. அந்த வாசனைக்கே எனக்குப் பாதி வயது குறைந்துவிட்டது.

மருமகன் எதையும் முறையாகச் செய்கிற ஆள். பிளேயரை மேசையில் வைத்தார். சுழலும் வட்டத்தின் நடுவில் தன் கைபேசியைப் படுக்க வைத்தார்.

"என்ன மாப்ள செய்யுதிய?"

"லெவல் பாக்கேன் மாமா. மட்டமா இல்லன்னா ஊசி ஒரு பக்கமா இழுக்குமாம். வீடியோல சொல்லியிருக்கான்."

கைபேசித் திரையில் பச்சையாக ஒரு குமிழி தெரிந்தது. எங்கள் மேசை கொஞ்சம் கோணல். நடுவில் நிற்க வேண்டிய குமிழி, நிற்காமல் மெல்ல நகர்ந்து ஓரத்துக்குப் போனது. அவ்வளவுதான் நான் பார்த்தது. என் கையில் இருந்த காப்பித் தம்ளர் ஆடி, சூடாக வேட்டியில் கொட்டிவிட்டது. மகள் பதறிப்போய், "எப்பா, என்ன செய்யுது, உக்காருங்க" என்றாள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. குமிழி சாய்ந்தது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு பொருள் சமமாக இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருக்கும்போது அது கண்ணெதிரே சாய்ந்தால் என் உடம்பு அதைத் தாங்குவதில்லை.

ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு கடைக்குள்ளும் ஒரு தோணிக்கு மேலேயும் போய்வர வேண்டும். அவசரம் இல்லையே?

எட்டாம் வகுப்பில் கணக்குப் பாடம் என்னை விட்டு விலகியது. நானும் அதை விட்டு விலகி, தூத்துக்குடியில் கடற்கரைப் பக்கம் போகிற சாலையில் இருந்த ஒரு ரேடியோக் கடையில் சேர்ந்தேன். நான் சொல்லப்போவது நடந்த எழுபதுகளின் நடுவில் எனக்கு இருபது வயதை ஒட்டி இருக்கும். கடைக்குள் நுழைந்தால் ஈயம் உருகுகிற புகையும் சாம்பிராணிப் புகையும் கலந்து அடிக்கும். முன்பக்கம் ரேடியோ பழுது பார்ப்பார்கள். பின்பக்கம் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் பாட்டுப் போடுகிற சாமான்கள் கிடக்கும். இசைத்தட்டு, பிளேயர், புனல் ஒலிபெருக்கி, பேட்டரி எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் பக்கம் 'ரேடியோ செட்டு' என்றுதான் சொல்வார்கள். ரேடியோ மட்டும் அதில் கிடையாது. அந்தச் செட்டோடு போகிறவன் நான் என்பதால் என் பெயரும் ரேடியோ ஆகிவிட்டது. பேட்டரித் தண்ணீர் பட்டு என் வேட்டிகளெல்லாம் சல்லடையாக இருக்கும். அம்மா அதைக் கொடியில் காயப்போடும்போது, "காத்தோட்டமாத்தான் இருக்கு" என்பாள்.

பிளேயரை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் முதல் வேலை மட்டம் பார்ப்பது. தட்டு வலப்பக்கம் தாழ்ந்தால் ஊசி உள்ளே நகர மாட்டேன் என்று அடம்பிடித்து ஒரே வட்டத்தில் சுற்றும். பாடகர் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டே இருப்பார். இடப்பக்கம் தாழ்ந்தால் நாலு வரியைத் தாண்டிக் குதித்து, பல்லவி பாடியவர் திடீரென்று மங்களத்துக்குப் போய்விடுவார். தட்டில் கீறல் விழுந்தாலும் இதே கூத்துதான் நடக்கும். கீறலா, சாய்மானமா என்று பக்கத்தில் இருப்பவன்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

கொத்தனார்கள் வைத்திருக்கிற ரசமட்டம் ஒன்று கடையில் இருந்தது. இருந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். தேடினால் கிடைக்காது. அதனால் நான் அகல் விளக்கை வைத்து மட்டம் பார்ப்பேன். இது என் வீட்டில் வந்த பழக்கம். எங்கள் வீட்டு விளக்கு மாடம் கோணலாகக் கட்டியது. அகலை அப்படியே வைத்தால் எண்ணெய் ஒரு பக்கம் தேங்கி, மறுபக்கம் திரி கருகும். விளக்கில் சுவாமி இருக்கிறார், அவரைக் கோணலாக உட்கார வைக்கலாமா என்று அம்மா கேட்பாள். சின்ன வயதில் சாயங்காலம் ஆனால் அகலுக்கு அடியில் ஓட்டுச் சில்லை வைத்து, எண்ணெய் நாலு பக்கமும் விளிம்புக்கு ஒரே அளவில் நிற்கும்வரை நகர்த்துவது என் வேலை. அதையே பிளேயரிலும் செய்தேன். அகலில் எண்ணெயை விளிம்பு தொட ஊற்றி, தட்டு சுற்றுகிற வட்டத்தின் நடுவில் வைப்பேன். எந்தப் பக்கம் எண்ணெய் ஏறி நிற்கிறதோ அந்த மூலைக்கு அடியில் சிகரெட் அட்டையை மடித்துச் செருகுவேன்.

கடை அண்ணாச்சி முதல்தடவை அதைப் பார்த்துவிட்டு, "ஏலே, பிளேயருக்குப் பூசை வைக்கியா?" என்று கேட்டார். பிறகு விட்டுவிட்டார். பாட்டுக்கு முன்னால் விளக்கு வைக்கிற பையன் என்று எனக்கு நல்ல பெயர் வந்து, கடைக்கும் அது ஆதாயமாக இருந்தது. ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனார் நான் அகலை வைத்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பிளேயருக்குச் சூடமே காட்டிவிட்டார்.

இனி தோணிக்கு வருகிறேன்.

இப்போது பிறந்த பிள்ளைகளுக்குத் தோணி என்றால் என்னவென்று சொல்லித்தான் ஆக வேண்டும். மீன் பிடிக்கிற வள்ளம் இல்லை. முழுக்க மரத்தில் கட்டி, பாய் விரித்து, கொழும்புக்கும் கொச்சிக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் வத்தலும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு போகிற பெரிய கப்பல். கச்சான் காற்று பேயாக அடிக்கிற மாதங்களில் கடலுக்குப் போக முடியாது. அப்போது சில தோணிகளைக் கரையில் இழுத்து ஏற்றிப் பழுது பார்ப்பார்கள். அடிமரத்தைக் கட்டைகளின் மேல் நிறுத்தி, இரண்டு பக்கமும் மணலில் பலகை போட்டு அதன்மேல் பருத்த மரங்களை முட்டுக் கொடுத்திருப்பார்கள். கடற்கரை முழுக்க டொக், டொக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பருத்திப் பஞ்சை உளியால் செருகிக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் அடிக்கிற சத்தம் அது. குங்கிலியம் காய்ச்சுகிற வாடை, சுறா எண்ணெய் வாடை, இரண்டும் சேர்ந்து சட்டையில் ஒட்டினால் மூன்று துவைப்புக்குப் போகாது. அந்த வாடையை நினைத்தால் இப்போது எனக்கு நாக்கில் நீர் ஊறுகிறது. பிரியாணி வாசனைக்குக்கூட அப்படி ஊறியது கிடையாது.

அப்படிக் கரையேற்றிப் பழுது பார்த்த ஒரு தோணிக்குப் பூசை. அதற்குத்தான் சில நாள் முன்னாலேயே என்னைச் செட்டோடு அனுப்பினார்கள். தோணி முதலாளி பனங்காட்டு ஊர் ஒன்றிலிருந்து வந்து கடை வைத்து மேலே வந்தவர். பெரிய முருக பக்தர். செவ்வாய்க்கிழமை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். தோணியில் போகிறவர்கள் எல்லோரும் வேதக்காரர்கள், மாதாவைக் கும்பிடுகிறவர்கள். அவர்களுக்குத் தலைவரான தண்டல் பெரியதாழை ஊர்க்காரர். என்ன பாட்டு முதலில் என்று ஒரு சின்னப் பேச்சு வந்தது. பிள்ளையார் முதலில், மாதா அடுத்தது, முருகன் மூன்றாவது என்று தண்டலே சொன்னார். "முருகன் சின்னப் பிள்ளதானே அண்ணாச்சி, கடைசியா வரட்டும்" என்றார். முதலாளி சிரித்துவிட்டார். சண்டை அத்தோடு முடிந்தது.

அந்தத் தோணிக்குப் பஞ்சடித்தவர் சிலுவை என்று ஒருத்தர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். காலமெல்லாம் தோணி வயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாப்புளி அடித்ததில் அவருக்குக் காது அடைத்துவிட்டது. தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேரே வாயை அசைத்தால்தான் பேச்சு ஏறும். ஆனால் பாட்டு மட்டும் அவருக்குத் தெரியும். புனலை நான் தளத்தின்மேல் பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். பாட்டு ஓடும்போது தோணி முழுவதும் வீணைக் குடம் மாதிரி அதிரும். அவர் கீழே உட்கார்ந்து பலகையில் இடது உள்ளங்கையை வைத்து அந்த அதிர்வைப் பிடித்து, அதற்குத் தக்கபடி கொட்டாப்புளியைப் போடுவார்.

"காது போனா என்னலே, பலகை சொல்லுதுல்லா" என்பார். "ஒங்க ஆளு பாட்டுல அடி நல்லா விழுது. எங்க மாதா பாட்டுக்கு அடிச்சா ஒறக்கம் வருது."

பூசை நாளன்றும் வடக்குப் பக்கத்தில் பின்கோடியில் கொஞ்சம் பஞ்சு பாக்கி இருந்தது. பூசைக்கு மேலே வாரும் என்று கூப்பிட்டதற்கு, "நீங்க கும்புடுங்க, நான் அடைக்கேன். ஓட்டையோட எறக்குனா எந்தச் சாமி வந்து தண்ணி எறைக்கும்?" என்று கீழேயே இருந்துவிட்டார். தோணியின் முகம் கிழக்கே கடலைப் பார்த்து நின்றது. மேலே ஏற ஏணி தெற்குப் பக்கம். சிலுவை இருந்தது அதற்கு எதிர்ப்பக்கம், தோணியின் வயிறு மணலைப் பார்த்து வளைகிற இடத்துக்கு அடியில். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி வீட்டில் ஒரு வழக்கம். கடலில் இறக்குவதற்கு முன்னால் தோணியை மணப்பெண் மாதிரி மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டுவார்கள். அந்தத் தண்ணீர் ஈசானிய மூலைக்குத்தான் ஓடிச்சேர வேண்டும். வீடு கழுவினாலும் அவர் அப்படித்தான். மணலில் ஊற்றுகிற தண்ணீர் ஈசானியம் பார்த்தா ஓடும்? அதனால் அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியால் வடக்குப் பக்கம் நெடுக வடகிழக்கைப் பார்த்து ஒரு வாய்க்கால் இழுத்தார்.

தண்டல் பார்த்துக்கொண்டே நின்றவர், "எங்கன போனாலும் கடலுக்குத்தான் போவும், அண்ணாச்சி" என்றார்.

"போறது முக்கியமில்ல. எந்த வழியாப் போவுதுங்கதுதான் முக்கியம்" என்றார் முதலாளி.

பெண்கள் குடம் குடமாக ஊற்றினார்கள். முதலாளி வீட்டுப் பெண்கள், தோணிக்காரர் வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஊற்றினார்கள். சிலுவையின் மனைவி மரியபுஷ்பமும் ஊற்றினாள். மஞ்சள் தண்ணீர் பலகையில் வழிந்து வாய்க்காலில் இறங்கி, வடக்கு முட்டுகளின் காலடி வழியாகப் பளபளவென்று ஓடியது. பார்க்க அத்தனை மங்களகரமாக இருந்தது. நானே மேலிருந்து பார்த்துக் கும்பிட்டேன்.

அதற்கு முன்னாலேயே நான் பிளேயரை மட்டம் பார்த்து முடித்திருந்தேன். கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். ஆகவே என் வலக்கைப் பக்கம் வடக்கு. அகலில் எண்ணெய் நாலு பக்கமும் ஒரே மாதிரி, வரைந்து வைத்தது போல நின்றது. முதலாளி அதைப் பார்த்து, "இந்த விளக்கையே ஏத்திருவோம்லே" என்று எடுத்துப் பாய்மரத்தின் அடியில், எனக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்தார். அங்கேயும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து ஒரு சில்லை வைத்தேன். கை சும்மா இருக்காது.

பிள்ளையார் பாட்டு முடிந்தது. மாதா பாட்டு முடிந்தது. கீழே கொட்டாப்புளி தூங்கித் தூங்கி விழுந்தது எனக்குக் கேட்டது, சிரித்துக்கொண்டேன். முருகன் பாட்டைப் போட்டதும் சிலுவைக்கு உயிர் வந்துவிட்டது. டொக் டொக் டொக் என்று பாட்டோடு ஏறினார். முதலாளி கண்ணை மூடிக் கை குவித்து நின்றார். தேங்காய் உடைக்கப் போகிற நேரம்.

ஊசி மாட்டிக்கொண்டது.

"முருகா" என்று பாடகர் கூப்பிடுகிற இடம். "முருகா, முருகா, முருகா" என்று அதையே சொல்ல ஆரம்பித்தார். தோணிக்காரர்களில் ஒருத்தன், "ஏலே ரேடியோ, ஒங்க ஆளு மலையேற முடியாம நிக்காரு, பின்னால கை கொடுத்துத் தள்ளு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. ஊசியை எடுக்கக் கையை நீட்டினேன். முதலாளி கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தித் தடுத்தார். அவர் கன்னத்தில் நீர் வழிந்தது.

"எடுக்காதலே. எந் தோணியில அவன் பேரு நிக்குது. நிக்கட்டும்."

எடுக்காமல் விட்டேன். கை அந்தரத்தில் நின்றது. அப்போதுதான் பார்த்தேன், ஊசி பிடித்த கை வலப்பக்கமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. யாரோ நூல் கட்டி இழுக்கிற மாதிரி. நான் செருகிய அட்டை நழுவிவிட்டதா என்று குனிந்தேன். நழுவவில்லை. திரும்பி விளக்கைப் பார்த்தேன். எண்ணெய் வடக்கு விளிம்பைத் தாண்டி வழிந்து பலகையில் சொட்டிக்கொண்டிருந்தது. தெற்குப் பக்கம் அகலின் மண் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற தண்டலின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"தட்டு சாயல. தோணி சாயுது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தோணியின் மேல்விளிம்பையும் அதற்கு அப்பால் கடல் முடிகிற கோட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. பிறகு மிகவும் மெதுவாக, தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுவது போலச் சொன்னார்: "எல்லாரும் தெக்க வாங்க. ஏணி வழியா எறங்குங்க. ஒருத்தனும் ஓடக்கூடாது."

யாரும் ஓடவில்லை. முதலாளியைத் தோளைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனார்கள். என்னைத் தண்டல் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். பிளேயர் ஓடியபடியே இருந்தது. நான் மணலில் கால் வைத்த பிறகுதான் யாரோ சொன்னார்கள்.

"கீழ சிலுவை கெடக்கான்."

எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினோம். கத்தி என்ன செய்ய? மரியபுஷ்பம் கையில் இருந்த குடத்தைப் போட்டுவிட்டு வடக்குப் பக்கம் ஓடினாள். தண்டல் அவளை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தார். அவள் அவர் தோளைக் கடித்தாள். உள்ளே போகிற ஆள் தொட்டாலே முட்டு விலகிவிடும் என்கிற நிலைமை. வாய்க்காலில் ஓடிய தண்ணீர் முட்டுக்கு அடியில் போட்ட பலகைகளின் கீழே மணலை அரித்து, பலகைகளை நழுவவிட்டு, முட்டுகளை வெறும் ஈர மணலில் நிறுத்தியிருந்தது அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது. மேலே புனலிலிருந்து முருகா, முருகா, முருகா. கீழே கொட்டாப்புளி அதே ஒற்றை அடி, டொக், டொக், டொக். சிலுவை மாட்டிக்கொண்ட பாட்டோடு மாட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கொட்டாப்புளி நின்றது.

மேலே பாட்டு நிற்கவில்லை. கீழே சத்தம் இல்லை. வாய்க்குள் நானும் அதே பெயரைத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

தோணியின் பின்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு சிலுவை வந்தார். தலையெல்லாம் பஞ்சு. கையில் கொட்டாப்புளி. நேராக என்னைப் பார்த்து அதை ஓங்கினார்.

"ஏலே ரேடியோ, பாட்ட நவுத்துதியா இல்லியா? ஒரே எடத்துலயே போட்டு அடிச்சு எங் கை கழண்டுபோச்சு."

மரியபுஷ்பம் தண்டலை உதறிவிட்டு வந்து அவரைக் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் ரெண்டு பேரும் மணலில் விழுந்தார்கள். அவர்கள் எழுவதற்குள் வடக்கே ஒரு முட்டு முறிந்தது. எலும்பு முறிகிற சத்தம்தான், ஆனால் யானை எலும்பு. அடுத்தது, அதற்கு அடுத்தது. தோணி அவசரப்படவில்லை. மாடு படுக்கிற மாதிரி, ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு வடக்கே சாய்ந்து படுத்தது. புனலிலிருந்து 'முரு' என்று வந்தது. மீதி வரவில்லை.

சிலுவைக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துத்தான் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நான் உக்காந்திருந்த பலகை உள்ள கெடக்கே" என்று எழுந்து இரண்டு அடி எடுத்து வைத்தார். மரியபுஷ்பம் அவர் முதுகில் வைத்தாள் ஒன்று. அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வாயை அசைத்துச் சொன்னாள்.

"நான் தொண்ட கிழியக் கத்துனேன், கேக்கல. முருகன் கூப்புட்டா மட்டும் கேக்குதோ ஒமக்கு?"

சொல்லிவிட்டு அவர் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள். அவர் அவள் தலைமேல் இருந்த பஞ்சை எடுத்துக்கொண்டே இருந்தார். அது அவர் தலையிலிருந்து உதிர்ந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

முதலாளி தான் வெட்டிய வாய்க்காலின் ஓரத்தில் ஈரத்தில் உட்கார்ந்திருந்தார். தண்டல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான். முருகன் பெயர் நிற்கட்டும் என்று கையை உயர்த்தியதும் அவர்தான், முட்டின் காலடியில் தண்ணீரை விட்டதும் அவர்தான். இரண்டையும் ஒரே நாளில் ஒரே ஆள் கையால் செய்ய வைத்தான் ஆண்டவன். இது ஏன் என்று நானும் பல கோயில்களில் நின்று கேட்டிருக்கிறேன்.

சாயங்காலம் சாமான்களை மீட்டுக்கொண்டு கடைக்குப் போனோம். பிளேயரின் மூடி நொறுங்கி, ஊசிக் கை வளைந்துவிட்டது. அந்தத் தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடை அண்ணாச்சி அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "கீறல் விழுந்திருக்குலே. அதான் மாட்டிருக்கு. இனி கல்யாணத்துக்கு ஆவாது. நீயே வச்சிக்கோ" என்றார்.

"தோணி சாஞ்சதுனாலதான் அண்ணாச்சி."

"அவ்வளவு கொஞ்சச் சாய்மானத்துக்கா? கீறல்தான்."

நானும் நாளடைவில் அதையே சொல்லப் பழகினேன். பாட்டில் எத்தனையோ சொல் இருக்க, அந்தப் பெயரில் கீறல் விழுந்திருக்கிறது என்றால் அது அவன் போட்ட கையெழுத்து இல்லாமல் வேறென்ன? தட்டை உறைக்குள் போட்டு, உறைமேல் சந்தனப் பொட்டு வைத்து, பூசை அலமாரியில் சுவாமி படங்களோடு வைத்தேன். என் கல்யாணத்துக்கு வந்த சிலுவை நேராக அங்கே போய், மடியிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்துத் தட்டுக்கு முன்னால் கொளுத்தி வைத்தார். "மாதா பாட்டா இருந்தா ஒறங்கியிருப்பேன். எங்க மாதாவுக்கும் அது தெரிஞ்சுதான் இருக்கும்" என்றார். என் பிள்ளைகளுக்கும் அந்தத் தட்டை வெளிச்சத்தில் காட்டி, இதோ பார் கீறல் என்று ஒரு மயிரிழையைக் காட்டியிருக்கிறேன். போட்டுக் கேட்கத்தான் வீட்டில் பிளேயர் இல்லை. கடையை விட்டு நான் வேறு வேலைக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்தக் கதைக்குத்தான் மருமகன் பிளேயர் வாங்கி வந்திருக்கிறார்.

காப்பி கொட்டிய வேட்டியை மாற்றிக்கொண்டு பூசை அலமாரியிலிருந்து அகலை எடுத்து வந்தேன். எண்ணெய் ஊற்றி வட்டத்தின் நடுவில் வைத்தேன். அவர் சிரிக்காமல் பார்த்தார், நல்ல பிள்ளை. அட்டையை மடித்துக் கொடுத்தார். எண்ணெய் சமமாக நின்றதும் அவர் கைபேசியையும் வைத்துப் பார்த்தார். குமிழியும் நடுவில் நின்றது. இரண்டும் ஒன்றையே சொன்னதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

தட்டைத் துடைத்துப் போட்டேன். பாட்டு ஆரம்பித்தது. இத்தனை வருஷம் கழித்து அந்தக் குரல். மகளும் மருமகனும் எனக்குத் தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரி வந்தது. நான் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"முருகா" என்றார் பாடகர். ஒரே ஒரு தடவை. அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

"எப்பா, கீறல்னு சொன்னிய?" என்றாள் மகள்.

கீறல் இல்லை. ஊசியை எடுத்துத் திரும்பவும் வைத்தேன். ஒரு தடவைதான் கூப்பிட்டது. மறுபடியும் வைத்தேன். வழுக்கிக்கொண்டு போனது. இத்தனை காலமும் பூசை அலமாரியில் இருந்தது நல்ல தட்டு. அன்றைக்குத் தோணி அசைந்தது. அசைவு தெரிய ஆரம்பித்த அந்த நேரத்தில் ஊசி அந்தப் பெயர்மேல் இருந்தது. கையெழுத்தைத் தட்டில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முட்டுக் கொடுத்து நின்ற தோணிகள் இருந்த இடத்தில் இப்போது சுவர் கட்டி, உள்ளே இரும்புப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. சுறா எண்ணெய் வாடை இல்லை, டீசல் வாடைதான். ரேடியோக் கடை இருந்த இடத்தில் கைபேசிக்கு உறை விற்கிறார்கள். தண்டலும் முதலாளியும் போய்விட்டார்கள். மரியபுஷ்பம் போய், அந்த வருஷமே சிலுவையும் போய்விட்டார். மாதா கோயில் கல்லறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

ஊசியை அந்த வரிக்குச் சற்று முன்னால் வைத்தேன். பிளேயரின் இடது ஓரத்துக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து மெதுவாகத் தூக்கினேன். மருமகன் பதறி, "மாமா, ஊசி போயிரும்" என்றார். இன்னும் கொஞ்சம் தூக்கினேன்.

"முருகா" என்றது. "முருகா, முருகா, முருகா."

விரல் வலிக்கிறவரை பிடித்துக்கொண்டிருந்தேன். கண் தானாகவே வாசல் பக்கம் போயிற்று. தலையெல்லாம் பஞ்சோடு, பாட்டை நகர்த்துதியா இல்லியா என்று கொட்டாப்புளியை ஓங்கிக்கொண்டு யாரும் வரவில்லை.